குறைந்த செலவில் நிறைந்த உணவு
மலைநாட்டுத் தோட்டக் குடும்பங்களும் கமக்காரரும் அறியவேண்டுவன

நுவரெலியா மாவட்டம் இலங்கையின் மரக்கறிக் களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட், போஞ்சி, உருளைக்கிழங்கு ஆகியன கந்தப்பளை, இராகலை, சீதா எலிய முதலிய இடங்களிலிருந்து நாடோறும் லொறிகளில் ஏற்றப்பட்டுக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் செல்கின்றன. ஆயின், அந்த லொறிகள் செல்லும் வீதிகளின் இருமருங்கிலுமுள்ள தேயிலைத் தோட்ட லயங்களிலேயே வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் மிகுதியாகக் காணப்படுகின்றனர்.

2016 ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற குடிசன, சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர் வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்பகுதியிலோ இத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய 32 ஆக இருந்தது. நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று பகுதிகளுள்ளும் தோட்டப்பகுதியின் நிலையே தாழ்ந்தது. மரக்கறி விளையும் மலையிலே மரக்கறியுண்ணாப் பிள்ளைகள் வளர்தல் வருந்தத்தக்கதாகும்.

வறுமையே இதற்கு முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டில் 1000 ரூபாவாகவும், 2024 ஆம் ஆண்டில் 1350 ரூபாவாகவும் நிருணயிக்கப்பட்டது. சம்பளம் உயர்ந்த அக்காலத்திலேயே அரிசி, மா, எண்ணெய் ஆகியவற்றின் விலையும் உயர்ந்தது. சம்பளக் குறைவை ஒரு கீரைப் பாத்தி ஈடுசெய்துவிடும் என எவரும் கூறார். எனினும், கையிலுள்ள சிறு பணத்தை எப்பொருளிற் செலவிடுவது, எப்பொருளைக் காசின்றி நிலத்திலிருந்து பெறுவது என்னும் இரண்டையும் அறிந்த குடும்பம், அதே வருவாயில் மேலான உணவை உண்ண இயலும். அவ்வழிகளை விளக்குதலே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

கோதுமை மா வந்த வரலாறு

தோட்டத் தொழிலாளரின் முன்னோர் தமிழ்நாட்டு நெல்வயல்களையும் தினைப்புலங்களையும் விட்டு வந்தவர்கள். சோறும், கேழ்வரகுக் களியும், பயறும், கீரையும் அவர்களுடைய பழைய உணவு. தோட்டங்களிற் குறித்த விலைக்கு அரிசி வழங்கும் முறை நெடுங்காலம் நிலவியது. 1942 ஆம் ஆண்டில் யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து அரிசி வருதல் நின்றது. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னரும் மா அகலவில்லை. விரைவிற் சமைக்கத்தக்கதாயும், விடியுமுன் எழுந்து மலைக்குச் செல்வோர் கட்டிக்கொண்டு போகத்தக்கதாயும் இருந்தமையால், ரொட்டி தோட்டத்தின் அன்றாட உணவாயிற்று.

மாவையே நம்பியிருத்தலின் ஆபத்து இருமுறை வெளிப்பட்டது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது தோட்டப்பகுதிகளில் இறப்பு வீதம் உயர்ந்தது. வயலும் தென்னையும் பலாவும் அருகிலிருந்த கிராமத்தார் ஒருவாறு சமாளித்தனர். நிலமற்ற தோட்டத்தாருக்கு மாவைத் தவிர வேறு புகலிடம் இருக்கவில்லை. மீண்டும் 2022 ஆம் ஆண்டில் உக்கிரேன் யுத்தத்தாலும் ரூபாவின் வீழ்ச்சியாலும் கோதுமை மாவின் விலை பலமடங்கு ஏறியது. இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. அதன் விலை கடலுக்கு அப்பால் நிருணயிக்கப்படுகின்றது. பாத்தியில் விளையும் கீரையின் விலையையோ எவரும் ஏற்ற இயலாது.

ரொட்டியும் சம்பலும் போதுமா?

காலையில் ரொட்டியும் சம்பலும், நண்பகலில் மீண்டும் ரொட்டி, இரவிற் சோறும் ஒரு கறியும், இடையிடையே சீனி மிகுந்த தேநீர் என்பதே பல வீடுகளின் உணவு. இதனால் வயிறு நிரம்புகின்றது. ஆயின், உடலுக்கு வேண்டியவை யாவும் கிடைப்பதில்லை.

உணவை மூன்று தொகுதிகளாகக் கொள்ளலாம். முதலாவது, வலுவைக் கொடுக்கும் உணவு. அரிசி, மா, கிழங்கு, தேங்காய், எண்ணெய் என்பன இதிலடங்கும். இரண்டாவது, உடலைக் கட்டும் உணவு. பருப்பு, கடலை, பயறு, கௌபி, முட்டை, பால், மீன், கருவாடு என்பன இவ்வகையின. மூன்றாவது, நோயினின்று காக்கும் உணவு. கீரை, மரக்கறி, பழம் என்பன அவை. தோட்டத்து உணவில் முதலாவது தொகுதி நிறைந்தும், மற்றை இரண்டும் குறைந்தும் இருத்தலே குறைபாட்டின் வேர்.

கோதுமை மாவிலும் புரதம் உண்டு. ஆயின், லைசின் என்னும் கூறு அதிற் குறைவு. பருப்பில் அது மிகுதி. ஆதலின், ரொட்டியுடன் பருப்பைச் சேர்த்துண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சோற்றுக்கும் இஃது பொருந்தும். உலர்ந்த பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. ஐவர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 250 கிராம் பருப்பைச் சமைப்பின், ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 12 கிராம் புரதம் கிடைக்கும். இரண்டு முட்டைகளிற் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய இவ்வளவே. முட்டை வாங்க இயலாத நாளிற் பருப்பையேனும் குறைத்தலாகாது.

ரொட்டியையும் மேம்படுத்தலாம். நான்கு பங்கு கோதுமை மாவுடன் ஒரு பங்கு குரக்கன் மா அல்லது கடலை மா கலந்தும், நறுக்கிய கீரையையோ துருவிய கரட்டையோ பிசைந்தும் சுடலாம். செலவு பெரிதும் மிகாது. பிள்ளைகளும் விரும்பி உண்பர். மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் பொதியிற் சம்பலுடன் கெட்டியான பருப்பும் இருத்தல் நன்று.

இரத்தமும் கொழுந்தின் நிறையும்

இரும்புச் சத்துக் குறைந்தால் இரத்தம் வெளிறும். இரத்தச் சோகை எனப்படும் இந்நிலையில் மூச்சு வாங்குதல், தலைசுற்றல், கைகால் சோர்தல் என்பன தோன்றும். மேடேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இஃது நோய் மட்டுமன்று, வருவாய் இழப்புமாகும். ஒரு பேர் முழுமையாகப் பெறவேண்டின் தோட்டம் குறித்த நிறைக் கொழுந்தைப் பறித்தல் வேண்டும். சோர்ந்த கை அந்நிறையை எட்டுவதில்லை.

இவ்வுண்மை இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலேயே ஆராய்ந்து அறியப்பட்டதாகும். 1979 ஆம் ஆண்டிற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், இரத்தச் சோகையுற்ற தொழிலாளருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இரும்புச் சத்துக் கொடுக்கப்பட்டது. இரத்தம் தேறியபின் அவர்கள் முன்னையிலும் மிகுதியான கொழுந்தைப் பறித்தனர். எவருக்குச் சோகை மிகுதியாக இருந்ததோ அவரிடத்தே முன்னேற்றமும் மிகுதியாகக் காணப்பட்டது. எனவே, பெண்ணின் உணவுக்குச் செலவிடுவது வீண்செலவு அன்று. கொழுந்து நிறுக்கும் தராசில் அது திரும்பி வருகின்றது.

இந்த இடத்திற் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய வழக்கமொன்று உண்டு. கணவரும் பிள்ளைகளும் முதியோரும் உண்டபின், சட்டியில் எஞ்சியதையே தாய் உண்கின்றாள். பகலெல்லாம் மலையில் உழைத்தவளும், மாதந்தோறும் இரத்தத்தை இழப்பவளும், கருவுற்றும் பாலூட்டியும் பிள்ளையை வளர்ப்பவளும் அவளே. பருப்பையும் கீரையையும் முட்டையையும் சட்டியிலிருந்து பகிரும்போதே அவள் பங்கையும் எடுத்து வைத்தல் வேண்டும். இதற்கு ஒரு சதமேனும் செலவில்லை.

இரும்புச் சத்தைப் பெறும் மலிவான வழிகள் பின்வருவன. கீரை, பயறு, கடலை, நெத்தலிக் கருவாடு ஆகியவற்றை அடிக்கடி உண்ணல் வேண்டும். அவற்றுடன் தேசிக்காய், தக்காளி, கொய்யா, தோடம்பழம் போன்ற புளிப்பும் விற்றமின் சீயும் உள்ள பொருளொன்றைச் சேர்த்தல் வேண்டும். மரக்கறியிலும் தானியத்திலுமுள்ள இரும்பை உடல் ஏற்பதற்கு விற்றமின் சீ துணைசெய்கின்றது. கீரைச் சுண்டலை இறக்கியபின் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிடுதல் எளிய முறையாகும்.

தேநீரோ இதற்கு மாறானது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தைப் பிணித்து, உடலிற் சேரவொட்டாமற் செய்கின்றது. தேயிலை நாட்டிலே தேநீரைக் கைவிடுமாறு எவரும் கூறவேண்டுவதில்லை. உணவோடு சேர்த்துக் குடியாமல், உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ குடித்தலே போதியது. உணவின்போது கொதித்தாறிய நீர் அருந்தலாம். சிறுபிள்ளைகளுக்குத் தேநீர் கொடுத்தல் ஆகாது.

உண்ட உணவு உடலிற் சேராமைக்குக் குடற்புழுவும் ஒரு காரணம். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி வாழ்வது. மாசடைந்த மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து அது உடலினுட் புகும். 1916 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியமை இதன் கொடுமையைக் காட்டும். மலகூடத்தைப் பயன்படுத்துதல், செருப்பணிதல், சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், வைத்திய ஆலோசனைப்படி பூச்சி மருந்து உட்கொள்ளுதல் என்பன இதற்குரிய காப்பு.

லயத்தருகே நான்கு பாத்திகள்

உலக சுகாதார நிறுவனத்தார் ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணல் வேண்டும் என்கின்றனர். ஐவருக்கு இது 2 கிலோகிராம் ஆகும். இவ்வளவையும் காசு கொடுத்து வாங்குதல் பல குடும்பங்களுக்கு அரிது. மூன்றடி அகலமும் பத்தடி நீளமுமுள்ள நான்கு பாத்திகள் இத்தேவை முழுவதையும் நிறைவேற்றா. எனினும், கீரையும் போஞ்சியும் வாரத்திற் பலமுறை சட்டியில் விழ அவை உதவும். தனிவீட்டுத் திட்டங்களிற் பலருக்குக் கிடைத்த 7 பேர்ச் காணி ஏறக்குறைய 1900 சதுர அடி பரப்புடையது. வீடு கட்டியபின் எஞ்சும் நிலத்தில் நான்கு பாத்திகளுக்குத் தாராளமாக இடமுண்டு. லயத்தில் வாழ்வோர் தோட்ட நிருவாகத்தின் அனுமதி பெற்று முற்றத்தோரத்தைப் பயன்படுத்தலாம்.

நிலமே இல்லாதோருக்கு மாச் சாக்குப் பாத்தியாகும். வெறும் மாச் சாக்கின் அடியிற் சிறு துளைகளிட்டு, இரு பங்கு மேல்மண்ணும் ஒரு பங்கு கூட்டெருவும் கலந்து நிரப்பி, வெயில் படும் சுவரோரம் வைத்துக் கீரை, வெங்காயத்தாள், மிளகாய், தக்காளி என்பவற்றை வளர்க்கலாம்.

தேயிலை நிலத்திற் பாத்தியிடுவோர் அறியவேண்டிய செய்தியொன்று உண்டு. தேயிலை புளித்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. பெரும்பாலான மரக்கறிகளோ அத்துணைப் புளிப்பைத் தாங்கா. ஆதலின், நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் டொலமைற்றை மண்ணிற் கலந்து கொத்திவிடல் வேண்டும். எவ்வளவு இடவேண்டும் என்பதை மண்ணைப் பரிசோதித்து விவசாயப் போதனாசிரியர் கூறுவர். விறகடுப்புச் சாம்பலும் புளிப்பைச் சிறிது குறைக்கும்.

பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக அமைத்தல் வேண்டும். சரிவின் போக்கிலே அமைத்தால் ஒரு மழையில் மேல்மண் முழுவதும் ஓடையைச் சேரும். பாத்தியை ஆறங்குலம் உயர்த்தி, மேற்புறத்தே வடிகானும் கீழ்ப்புறத்தே கல்வரம்போ புல்வரம்போ அமைத்தல் நன்று. சமையலறைக் கழிவு, பயன்படுத்திய தேயிலைத் தூள், உலர்ந்த இலை, மாட்டெரு என்பவற்றை அடுக்கடுக்காக இட்டு ஈரமாக வைத்துப் புரட்டிவரின் கூட்டெரு கிடைக்கும். குளிர்ந்த இடங்களில் அது மக்குவதற்கு மூன்று மாதத்திற்கு மேலும் செல்லலாம்.

நான்கு பாத்திகளிலும் ஒரே பயிரை ஒருமிக்க நட்டால், ஒருவாரம் மிகுதியும் மறுவாரம் பஞ்சமுமாகும். ஒரு பாத்தியிற் கீரை வகைகளையும், இரண்டாவதிற் போஞ்சியையும், மூன்றாவதிற் பீட்ரூட்டையும் முள்ளங்கியையும், நான்காவதில் நோக்கோலையும் லீக்ஸையும் இடலாம். போஞ்சி ஏறக்குறைய இரண்டு மாதத்திற் காய் கொடுக்கும். லீக்ஸுக்கு நாலைந்து மாதம் வேண்டும். கீரையை இரண்டு வாரத்திற்கொருமுறை சிறிது சிறிதாக விதைத்தால் இடையறாது கிடைக்கும். அறுவடை முடிந்ததும் போஞ்சி நின்ற பாத்தியிற் கோவா இனத்தையும், கோவா இனம் நின்ற பாத்தியில் வேறோர் இனத்தையும் மாற்றி நடுவதால் மண்ணிலுள்ள நோய்கள் குறையும்.

வேலியோரத்திற் சவ்சவ் கொடியொன்றை நட்டுப் பந்தலில் ஏற்றிவிடின், அது பல ஆண்டுகள் காய்க்கும். அதன் இளந்தளிரும் கறிக்குதவும். உயரங் கூடிய இடங்களில் மரத்தக்காளியும், அட்டனுக்குக் கீழே உயரங் குறைந்த இடங்களில் வாழை, மரவள்ளி, பூசணி, முருங்கை என்பனவும் நடலாம். தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பள்ளங்களில் உறைபனி விழும். அக்காலத்தில் இரவில் நாற்றுகளைச் சாக்கினால் அல்லது உலர்ந்த புல்லினால் மூடுதல் வேண்டும்.

வீட்டுப் பாத்திக்குப் பூச்சி மருந்து தெளித்தல் வேண்டாம். புழுக்களைக் கையாற் பொறுக்கி அழிக்கலாம். தேயிலை மலையில் தானே முளைக்கும் கீரையைப் பறிப்போர், அங்குக் களைநாசினி தெளிக்கப்பட்டதா என்பதை உறுதியாக அறிதல் வேண்டும். அறியாவிடின் பறித்தலாகாது.

மரக்கறிக் கமக்காரர் எறிந்துவிடும் உணவு

சந்தைக்கு மரக்கறி அனுப்பும் கமக்காரர் இல்லங்களிலும் உணவுக் குறைபாடு இல்லாமலில்லை. நல்லவை யாவும் மூடையிற் கட்டப்படுகின்றன. வீட்டுக்கு எஞ்சுவது உருளைக்கிழங்கும் சோறுமே. பீட்ரூட், முள்ளங்கி, நோக்கோல் ஆகியவற்றின் இலைகள் வரம்பிலே அழுகுகின்றன. இவ்விலைகளில் விற்றமின் ஏயும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. பல வேளைகளிற் சந்தைக்குச் செல்லும் கிழங்கினும், வரம்பில் எறியப்படும் இலையே சத்திற் சிறந்தது. இளம் இலைகளைத் தெரிந்து நன்கு கழுவி, சிறிது தேங்காய்ப்பூச் சேர்த்துச் சுண்டலாக்கலாம். எண்ணெய்ப் பசை சிறிதிருந்தாலே விற்றமின் ஏ உடலிற் சேரும்.

ஆயினும், மருந்து தெளித்த பயிரின் இலைகளை உண்பதில் எச்சரிக்கை வேண்டும். மருந்துப் போத்தலிற் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியுமுன் இலையையோ காயையோ பறித்தலாகாது. இவ்விதி வீட்டுச் சட்டிக்கு மட்டுமன்றிச் சந்தை மூடைக்கும் உரியது. வீட்டுக்கென ஒரு பாத்தியைத் தனியே ஒதுக்கி மருந்தின்றி வளர்த்தல் மிக நன்று. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு நஞ்சுடையது. அதனை மலிவெனக் கருதி வீட்டுக்கு எடுத்தலாகாது.

வயலுள்ளோர், மரக்கறித் தோட்டமுள்ளோர், லயத்தில் வாழ்வோர் ஆகியோர் ஒருவருக்கொருவர் அண்டையிலேயே வாழ்கின்றனர். சந்தைக்கு ஒவ்வாத கோணற் கரட்டையும், வெடித்த கோவாவையும் வரம்பில் அழுகவிடாது லயத்தாருக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பின் இருசாராருக்கும் நன்மை உண்டு. மாட்டெருவுக்கு மரக்கறி என்னும் பண்டமாற்றும் செய்யலாம்.

நெற்செய்கையாளர் கவனத்திற்கு

வலப்பனை, அங்குராங்கெத்தை, கொத்மலைப் பகுதிகளின் வயல்களில் நெல் விளைவிப்போர் தம் வீட்டுக்கென வைக்கும் நெல்லை மிகத் தீட்டுதலைத் தவிர்த்தல் வேண்டும். அரிசியின் தவிட்டிலேயே விற்றமின் பீ ஒன்று மிகுதியாக உண்டு. வெண்மைக்காகத் தீட்டுந்தோறும் அச்சத்துத் தவிட்டோடு போய்விடுகின்றது. நெல்லைப் புழுக்கும்போது சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று சேர்வதால், புழுங்கல் அரிசி பச்சையரிசியினும் சிறந்தது. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுதலும் கஞ்சியை வடித்து ஊற்றுதலும் சத்தை வீணாக்கும். வயல் வரம்புகளிலும், அறுவடைக்குப்பின் நீர் குறைந்த வயல்களிலும் பயறு, கௌபி, போஞ்சி என்பவற்றை இடுவதால் குடும்பத்துக்குப் புரதமும் மண்ணுக்கு வளமும் கிடைக்கும்.

சம்பள நாளிற் செய்யத்தக்கன

மாதச் சம்பளம் கைக்கு வந்த நாளிற் செய்யும் முடிவே மாதம் முழுவதற்குமான உணவை நிருணயிக்கின்றது. முதலில் அரிசி, பருப்பு, பயறு அல்லது கடலை, நெத்தலி, எண்ணெய், அயடீன் கலந்த உப்பு ஆகியவற்றை வாங்கி வைத்தல் வேண்டும். மற்றைச் செலவுகள் பின்னரே. கடைக் கொப்பியிற் கடனுக்கு நாடோறும் சிறிது சிறிதாக வாங்குவோர், விலையைக் கேட்கவும் எடையைப் பார்க்கவும் இயலாதவராகின்றனர். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பருப்பையும் பயற்றையும் பெருந்தொகையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளின் விலை குறையும்.

ஒரு பொருள் மலிவானதா என்பதை அறிய அதன் விலையை மட்டும் பார்த்தல் போதாது. அதே விலைக்கு எத்துணை எடைப் பருப்பு அல்லது எத்தனை முட்டை கிடைக்கும் என ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கற் பொதி, இனிப்புப் பானம், பொரித்த தின்பண்டம் என்பவற்றை இவ்வாறு ஒப்பிடின் உண்மை விளங்கும். அவித்த கடலையோ கௌபியோ பாடசாலைக்குக் கொடுத்தனுப்பச் சிறந்த சிற்றுண்டியாகும்.

செலவைக் குறைக்கத்தக்க இடங்களும் உண்டு. மது குடும்பத்தின் உணவையே குடிக்கின்றது. புகையிலையும் பாக்கும் சேர்த்து வெற்றிலை மெல்லுதல் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். குளிருக்கும் பசிக்கும் மருந்தென அதனை எண்ணுதல் தவறு. பசி மறையுமேயன்றித் தீராது. இவற்றிற்குச் செல்லும் காசை ஒருவாரம் எழுதிவைத்துப் பார்ப்போர், அத்தொகைக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்பதைத் தாமே கணக்கிடலாம். தேநீரிற் சீனியையும் சிறிது சிறிதாகக் குறைத்துவரின் ஒரு மாதத்தில் நாக்குப் பழகிவிடும்.

கருவாடும் சம்பலும் உப்பு மிகுந்தவை. முதிர்ந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமிற் குறைவான உப்பையே உண்ணல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தாரின் அறிவுரை. அஃது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவாகும். கருவாட்டை நீரில் ஊறவைத்துக் கழுவிச் சமைப்பதாலும், அக்கறிக்கு வேறு உப்பு இடாமையாலும் இதனைக் குறைக்கலாம்.

வசதியுள்ளோர் நாலைந்து கோழிகளை வளர்க்கலாம். கூடு லயத்திற்குச் சற்றுத் தள்ளியும், காற்றும் நனைவும் படாதவாறும் இருத்தல் வேண்டும். கிடைக்கும் முட்டைகளில் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியதை வைத்தபின் எஞ்சியதையே விற்றல் வேண்டும்.

தாயும் குழந்தையும்

பிள்ளையின் உயரம் பெரும்பாலும் கருவிலிருந்து இரண்டு வயது வரையுள்ள காலத்தே தீர்மானிக்கப்படுகின்றது. அக்காலத்தில் நேர்ந்த குறையைப் பின்னர் நிரப்புதல் அரிது. கர்ப்பிணி கிளினிக்கிற் பதிந்து, அங்குக் கொடுக்கப்படும் இரும்புச் சத்து மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ளல் வேண்டும். அவற்றையும் தேநீருடன் விழுங்குதல் ஆகாது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதியது. ஆறு மாதத்தின் பின்னர் தாய்ப்பாலுடன், குழைந்த சோறு, மசித்த பருப்பு, கீரை, கரட், சிறிது எண்ணெய் அல்லது தேங்காய்ப்பால், முட்டை ஆகியவற்றைப் படிப்படியாகச் சேர்த்தல் வேண்டும். நீர்த்த கஞ்சியும் தேநீரில் நனைத்த பிஸ்கற்றும் குழந்தையின் வயிற்றை நிரப்புமேயன்றி வளர்க்கமாட்டா.

சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷா, 1973 ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ்த் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டு வந்தது. கிளினிக்கில் ஒருவருக்கெனத் தரப்படும் சத்துணவு அவருக்கே உரியது. அதனை வீடு முழுவதும் பங்கிட்டால் எவருக்கும் பயனிராது. மாதந்தோறும் பிள்ளையின் நிறையை நிறுத்து, குடும்பநல மருத்துவமாது குறிக்கும் கோடு தாழுமாயின் உடனே ஆலோசனை பெறல் வேண்டும்.

உழைப்பும் உடற்பயிற்சியும்

மலையேறிக் கொழுந்து பறிப்போருக்கும் மண் வெட்டுவோருக்கும் வேறு உடற்பயிற்சி ஏனெனக் கேட்கலாம். அவர்களுக்கு நடையும் ஏற்றமும் போதியன. ஆயின், ஒரே வகையான அசைவும் சுமையும் கழுத்து, முதுகு, முழங்கால் ஆகியவற்றை வருத்துகின்றன. வேலை தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் ஐந்து நிமிடம் கழுத்தை மெல்லத் திருப்புதல், தோள்களைச் சுழற்றுதல், கைகளை மேலே நீட்டி முதுகை நிமிர்த்துதல் நலம் பயக்கும். குளிரிற் தாகம் தோன்றாவிடினும் நீர் அருந்துதல் வேண்டும். இரவில் நிறைந்த உறக்கமும் உணவைப் போலவே இன்றியமையாதது.

வேறு தொழிலுக்குச் சென்ற இளைஞர், கடையில் அமர்ந்திருப்போர், முச்சக்கர வண்டி ஓட்டுவோர், ஓய்வு பெற்ற முதியோர் ஆகியோரின் நிலை வேறு. உழைத்த காலத்து அளவில் ரொட்டியையும் சீனியையும் உண்டு, உழைப்பின்றி இருப்பதால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இவர்களை எளிதிற் பற்றுகின்றன. முதிர்ந்தோர் வாரமொன்றுக்கு 150 நிமிடம் தொடக்கம் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பிற் செலவிடல் வேண்டும். நாளொன்றுக்கு அரை மணி நேரம் வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடப்பின் இதன் முதலளவு நிறைவேறும். தோட்டத்து வண்டிப்பாதையும் கோயிற் படிகளும் கட்டணமில்லா உடற்பயிற்சிக் களங்கள். பாத்தி கொத்துதலும் உடற்பயிற்சியே. அதன் பயன் இரட்டிப்பானது.

முதியோர் சுவரைக் கைகளால் தள்ளி மீளுதல், கதிரையிலிருந்து கையூன்றாமற் பத்துமுறை எழுந்து அமருதல் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யின் தசை வலுவுறும், விழுதல் குறையும். நெஞ்சுநோயோ மயக்கமோ உள்ளோர் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.

நினைவிற் கொள்ளத்தக்கன

1. ரொட்டிக்கும் சோற்றுக்கும் நாடோறும் பருப்பு அல்லது பயறு துணையாக இருத்தல் வேண்டும்.
2. கீரையுடன் தேசிக்காய் சேர்க. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுக.
3. சட்டியிலிருந்து பகிரும்போதே தாயின் பங்கை எடுத்து வைக்க.
4. நான்கு பாத்திகள் அல்லது நான்கு மாச் சாக்குகள் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும்.
5. பீட்ரூட், முள்ளங்கி, நோக்கோல் இலைகளை எறியாது, மருந்துக் காத்திருப்பு நாட்கள் கழிந்தபின் உண்க.
6. சம்பள நாளில் முதலில் வாங்கவேண்டியது மாதத்திற்கான பருப்பு.
7. இருந்து உழைப்போர் நாடோறும் அரை மணி நேரம் நடக்க.

இவையனைத்தையும் ஒரே நாளிற் தொடங்குதல் இயலாது. பாத்தியொன்றைக் கொத்தி ஒரு பிடி கீரை விதையைத் தூவுதலும், இன்றிரவே தாயின் பங்கைத் தனியே எடுத்து வைத்தலும் எந்தக் குடும்பத்திற்கும் இயல்வன. மண், விதை, பசளை பற்றிய ஐயங்களை அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடமும், தாய் சேய் நலம் பற்றியவற்றைக் குடும்பநல மருத்துவமாதிடமும் கேட்டறியலாம். நாட்டுக்கெல்லாம் மரக்கறியும் உலகிற்கெல்லாம் தேயிலையும் அனுப்பும் மலைநாட்டு மக்கள், தம் பிள்ளைகளின் கோப்பையிலும் அம்மலையின் விளைவை வைத்தல் வேண்டும். அதற்குரிய நிலம் வாசலுக்கு வெளியே ஆரம்பமாகின்றது.